வளரும் குடும்பமும் வாங்கும் வண்டியும்



மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள், சயான், செம்பூர் ஆகிய இடங்களில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில், சில காலமாக ஒரே கேள்வி பல வடிவங்களில் எழுந்துகொண்டிருக்கிறது. “வீட்டில் இரண்டாவது குழந்தை பிறக்க இருக்கிறது, ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்க இருக்கிறார்கள், இருக்கிற சிறிய கார் போதவில்லை. ஹைபிரிட் என்று ஒரு வகை வந்திருக்கிறதே, அதனை வாங்கலாமா?” என்பதே அக்கேள்வி. சங்க இதழில் கார் வாங்குவதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயின், குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் ஒரே தவணையில் துணிந்து செலவிடும் பெருந்தொகை இதுதான். ஐந்து ஆண்டோ ஏழு ஆண்டோ மாதந்தோறும் கடன் கட்டப்போகும் ஒரு பொருளைப் பற்றி நாம் சற்று நிதானமாகச் சிந்திப்பதில் தவறில்லை என்றே கருதுகிறோம்.

நமக்கு முந்திய தலைமுறையினருக்கு இத்தொல்லை இல்லை. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், நமக்கு அண்மையிலேயே குர்லாவில் தொழிற்சாலை வைத்து பியட் கார்களைச் செய்தது. அதுவே பின்னர் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. அக்காலத்தில் ஒரு காருக்குப் பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். எந்தக் காரைத் தேர்வது என்று கவலைப்படவில்லை. ஐவர் அமரும் வண்டியில் எண்மர் ஏறினர். குழந்தைகள் மடியில் இருந்தனர். யாரும் பெல்ட் பூட்டவில்லை. 1983 டிசம்பர் 14ஆம் நாள் மாருதி 800 வண்டியின் முதற் சாவி வழங்கப்பட்ட பிறகே சிறு குடும்பங்களுக்கு ஓரளவு வழி பிறந்தது. பத்மினியும் இன்று நம் தெருக்களில் டாக்சியாக ஓடவில்லை. 2003 அக்டோபர் 29ஆம் நாள் பதிவு செய்யப்பெற்ற கடைசிப் பத்மினி டாக்சி, 20 ஆண்டு வரம்பு நிறைவுற்று 2023 அக்டோபர் இறுதியில் சாலையை விட்டு அகன்றது. காத்திருக்கும் துன்பம் போயிற்று. தேர்ந்தெடுக்கும் துன்பம் வந்தது.

ஹைபிரிட் என்பது யாது? அவ்வகை வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு. மின் மோட்டாரும் உண்டு. சாதாரண வண்டியில் நாம் பிரேக்கை மிதிக்குந்தோறும், ஓட்டத்தின் விசை வெறும் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட் வண்டியிலோ அவ்விசையில் ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பாட்டரியில் சேர்த்து வைக்கிறது. வண்டி மெல்ல ஊரும்போது அச்சேமிப்பே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சின் அணைந்து கிடக்கிறது. வீட்டில் கம்பி இழுத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டிய தேவை இல்லை. சயானிலிருந்து தாதர் வரையில் மாலை வேளையில் நின்று நின்று நகரும் சாலையை எண்ணிப் பாருங்கள்; மற்ற வண்டிகள் பெட்ரோலை வீணாக்கும் அதே இடத்தில்தான் ஹைபிரிட் வண்டி மிச்சம் பிடிக்கிறது. புனே விரைவுச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த மிச்சம் குறைந்துவிடும். ஏனெனில் அங்கே பிரேக் மிதிக்கும் வேலை அதிகம் இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். ஹைபிரிட் என்ற பெயரில் இரு வகை உண்டு. ஒன்று, மேலே சொன்ன முழு ஹைபிரிட். மற்றொன்று, எஞ்சினுக்குச் சிறிது கைகொடுக்கும் சின்ன மோட்டாரும் சின்ன பாட்டரியும் உடைய மென் ஹைபிரிட். பின்னது தீயது அன்று. ஆனால் அதன் மிச்சமும் சின்னதே. வண்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டா. “எஞ்சின் அணைந்திருக்கும்போது இவ்வண்டி மோட்டாரால் மட்டும் ஓடுமா?” என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஓடும் என்றால் முழு ஹைபிரிட். ஓடாது என்றால் மென் ஹைபிரிட்.

டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் ஹைபிரிட் காரை ஜப்பானில் 1997இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும், 2010இல் பிரியஸும் வந்தன; விலை மிகுதியால் வாங்கியவர் சிலரே. நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்கக்கூடிய முழு ஹைபிரிட் வண்டிகள் 2022இல்தான் தொடங்கின. அவ்வாண்டு மே மாதத்தில் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வடிவமும், செப்டம்பரில் மாருதி கிராண்ட் விட்டாராவும் அதன் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரும், ஆண்டிறுதியில் இன்னோவா ஹைகிராஸும் வந்தன. இவற்றுள் ஒன்றும் ஹேட்ச்பேக் எனப்படும் பின்கதவுச் சிறு கார் அன்று. 2019இல் பலேனோ என்ற சிறு கார் மென் ஹைபிரிட் வடிவில் சில காலம் விற்கப்பட்டு நின்றுபோயிற்று. 2025ஆம் ஆண்டு வரை முழு ஹைபிரிட் வகைச் சிறு ஹேட்ச்பேக் நம் சந்தையில் இடம்பெறவில்லை.

இலங்கையில் உறவினர் உள்ள அன்பர்கள் இதனைக் கேட்டு வியப்புறலாம். கொழும்புத் தெருக்களில், ஜப்பானில் 2011 இறுதியில் வெளிவந்த டொயோட்டா அக்வா என்னும் சிறு ஹைபிரிட் ஹேட்ச்பேக்கை எங்கும் காணலாம். பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகளை இறக்குமதி செய்து அவர்கள் பயன்படுத்துகின்றனர். 2020 மார்ச்சில் அங்கே வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அப்பழைய வண்டிகளின் விலையும் ஏறிற்று. 2025இல்தான் கதவு மீண்டும் திறந்தது. ஆக, கொழும்பில் இருக்கும் மைத்துனர் வைத்திருக்கிறாரே என்று நாம் ஏங்கிப் பயனில்லை. ஹைபிரிட் ஹேட்ச்பேக் வேண்டும் என்று தேடுபவர், இங்கே ஹைபிரிட்டையாவது விட வேண்டும். ஹேட்ச்பேக்கையாவது விட வேண்டும். எதனை விடுவது என்பதே கேள்வி.

இதற்கு விடை காண நாம் ஒரு குடும்பத்தோடு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம். அக்குடும்பத்தின் கதையைச் சொல்லுவதே பயனுடையதாகும்.

கிங்ஸ் சர்க்கிளில் நம் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், கோட்டைப் பகுதியில் வேலை செய்கிறார். கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் ரயிலேறிப் போய் வருகிறார். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று உண்டு. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பேறுகாலத்துக்கு உதவியாகப் பாளையங்கோட்டையிலிருந்து மனைவியின் தாயார் வந்திருந்தார். வீட்டில் எல்லாருக்கும் அவர் ஆச்சிதான். அவருக்கு இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு. மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் வைத்து வைத்தே இறங்குவார். அம்மூட்டு அறுவைச் சிகிச்சைக்கென்று மகளும் மருமகனும் மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை வங்கியில் இருந்தது.

நண்பர் மனத்தில் இருந்தது ஒரு முழு ஹைபிரிட் வண்டி. அவர் பார்த்து வைத்திருந்த சாதாரணப் பெட்ரோல் ஹேட்ச்பேக்கைவிட அது பல லட்சம் மிகுதி. தவணைக் கடனை எவ்வளவு நீட்டியும் இரண்டரை லட்சம் ரூபாய் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. அத்தொகைக்கு வழி ஒன்றே ஒன்றுதான். அதனை ஆச்சியே முதலில் வாய்விட்டுச் சொன்னார்:

“முட்டுக்கு இப்ப என்ன அவசரம், மாப்பிள? நடக்கத்தானே செய்யுதேன். பிள்ளைகளுக்கு நல்ல வண்டியா வாங்குங்க.”

நண்பர் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை நம்மிடம் வந்து, “அத்தை இப்படிச் சொல்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவர் ஏற்கெனவே பாதி இசைந்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நாம் கருத்துச் சொல்லவில்லை. ஒரு தாளும் பேனாவும் கேட்டோம்.

முதற் கணக்கு, ஓட்டத்தின் கணக்கு. அவருடைய பழைய காரின் சர்வீஸ் சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். ஓர் ஆண்டில் வண்டி ஓடியது ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம். நகர நெரிசலில் சாதாரண வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டரும், ஹைபிரிட் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுக்கும் என்று கொள்வோம். முன்னதற்கு ஆண்டுக்கு 461 லிட்டரும் பின்னதற்கு 300 லிட்டரும் ஆகும். மிச்சம் 161 லிட்டர். அஃதாவது 16,100 ரூபாய். கையிலிருந்து போடும் இரண்டரை லட்சத்தை மட்டும் இம்மிச்சத்தால் வகுத்தாலே 15 ஆண்டுக்கு மேல் வருகிறது. கடனில் சேர்ந்த மிகுதியும் அதன் வட்டியும் தனி. சொந்தக் காரின் முதற் பதிவே 15 ஆண்டுக்குத்தான். வண்டி கிழடாகும் நாளில்தான் போட்ட முதல் திரும்புகிறது.

விளம்பரத்தில் கிராண்ட் விட்டாராவின் முழு ஹைபிரிட் வடிவத்துக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று காட்டியிருக்கிறதே, நீங்கள் 20 என்று குறைத்துப் போட்டது ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். விளம்பர எண் பொய் அன்று. ஆனால் அது சோதனைக் கூடத்தில், வகுக்கப்பட்ட ஒரே முறையில் ஓட்டி எடுத்த எண். நம் சாலை, நம் குளிர்சாதனம், நம் சுமை ஆகிய எவையும் அக்கூடத்தில் இல்லை. எல்லா வண்டிகளின் சோதனை எண்ணும் சாலையில் குறையும். ஒரு வண்டியின் எண்ணை மற்றொரு வண்டியின் எண்ணோடு ஒப்பிடுவதற்கே அது பயன்படும். வீட்டுச் செலவுக்குப் பயன்படாது.

இக்கணக்கு ஹைபிரிட்டுக்கு எதிரான தீர்ப்பு என்று யாரும் கொள்ள வேண்டா. இதே தாளின் பின்புறத்தில் செம்பூரிலுள்ள மற்றோர் அன்பரின் கணக்கையும் போட்டோம். அவர் நாள்தோறும் தானாவுக்கு அப்பால் உள்ள தொழிற்பேட்டைக்குக் காரில் போய் வருபவர். ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர்; அதுவும் பெரும்பாலும் நெரிசலில். அவருக்கு மிச்சம் ஆண்டுக்கு 48,000 ரூபாய்க்கு மேல். விலையில் இரண்டரை லட்சம் மிகுதி என்றால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும்; அதன்பின் வருவதெல்லாம் ஊதியம். பாட்டரிக்கும் நம் நாட்டில் இந்நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அவர் ஹைபிரிட் வாங்கினார், சரியாகவே செய்தார். வண்டி ஒன்றுதான், ஓட்டம் வேறு, ஆகவே விடையும் வேறு.

இரண்டாவது கணக்கு, இருக்கையின் கணக்கு. முதல் ஞாயிறன்று நண்பர் தனியே சென்று, விற்பனை நிலையத்து இளைஞரை அருகில் வைத்துக்கொண்டு, வெறுமையான மேம்பாலத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். ஓட்டுபவருடைய இருக்கை எந்த வண்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த ஞாயிறன்று நாம் எல்லாரையும் அழைத்துச் சென்றோம். தையற் பெட்டியிலிருந்த இஞ்சு டேப்பையும் எடுத்துக்கொண்டோம். புறப்படுமுன் வீட்டில் ஒரு வேலை செய்தோம். ஆச்சி எந்த நாற்காலியிலிருந்து பிறர் உதவியின்றி எழுகிறாரோ, அந்நாற்காலியின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டோம்.

அவ்வொரு அளவு பல உண்மைகளை உணர்த்திற்று. தாழ்ந்த நீள் கார் ஒன்றில் ஆச்சி அமர்ந்தார், எழ முடியவில்லை, இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. உயர்ந்த வண்டி ஒன்றில் ஏறுவதற்கே முழங்காலை இடுப்பளவு தூக்க வேண்டியிருந்தது. “இது என்ன, மாட்டு வண்டி மாதிரி இருக்கு” என்று சிரித்தார். ஆனால் அவர் முகம் வலியால் சுருங்கியதை நாம் கண்டோம். பிறகு, கூரை சற்று உயர்ந்த ஒரு ஹேட்ச்பேக்கின் முன்னிருக்கை ஏறத்தாழ அந்நாற்காலியின் உயரத்திலேயே இருந்தது. முதலில் பக்கவாட்டில் அமர்ந்து, பின் இரு கால்களையும் உள்ளே திருப்பிக்கொண்டார். யாரும் கைகொடுக்கவில்லை.

ஆச்சி முன்னிருக்கையில் என்றால், பின்னிருக்கையில் யார் யார்? பெரிய குழந்தைக்கு ஓர் இருக்கை. பிறக்கப்போகும் குழந்தைக்குப் பின்னோக்கி அமரும் தொட்டில் இருக்கை. இரண்டுக்கும் நடுவில் தாய். வளரும் குடும்பத்தில் மிகத் தொல்லையான இடம் அந்த நடு இடமே. ஆனால் விற்பனை நிலையத்தில் அங்கே யாரும் அமர்ந்து பார்ப்பதில்லை. ஏழு மாத வயிற்றோடு அந்த அம்மையார் அங்கே அமர்ந்தார். குழந்தை இருக்கைகள் இரண்டும் பொருத்தியபின் அவருடைய பெல்ட்டின் பூட்டு இருக்கைக்கு அடியில் மறைந்துபோயிற்று, கை நுழையவில்லை. நான்காம் ஞாயிறன்று, பெரிய குழந்தைக்கு அகலம் குறைந்த வேறோர் இருக்கையைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தபோதுதான் பூட்டு அகப்பட்டது. நெருக்கந்தான், எனினும் பெல்ட் பூட்டியது.

இதில் இன்னொரு நுட்பமும் தெரிந்தது. பின்னோக்கிய தொட்டில் இருக்கையை ஆச்சிக்குப் பின்னால் வைத்தால், அவருடைய இருக்கையை முன்னே தள்ள வேண்டியிருக்கிறது. முழங்காலை நீட்ட இடமில்லை. ஆகவே அதனை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்தோம். நண்பர் உயரம் குறைந்தவராதலால் இது இயன்றது. பின்னோக்கிய தொட்டிலைக் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் எக்காரணத்தாலும் வைத்தல் கூடாது. பை விரியும் வேகம் குழந்தையின் தலையைத் தாக்கும்.

“நாமெல்லாம் மடியில் இருந்தே வளர்ந்தோமே, இவ்வளவு ஏன்?” என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். 2022 செப்டம்பர் 4ஆம் நாள் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் பூட்டியிருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் காரில் இருக்கும் அனைவரும் பெல்ட் பூட்ட வேண்டும் என மும்பைப் போலீசார் வற்புறுத்தத் தொடங்கினர். 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அபராதம் போகட்டும், வண்டி திடுமென நிற்கும்போது, மடியிலுள்ள குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த இயலாது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனை நடைபெறுகிறது. பெரியவர் பாதுகாப்புக்கும் குழந்தை பாதுகாப்புக்கும் அதில் தனித்தனியே நட்சத்திரம் உண்டு. குழந்தைக்குரிய நட்சத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது கணக்கு, இடத்தின் கணக்கு. ஹைபிரிட் பாட்டரி எங்கேயாவது அமர வேண்டுமல்லவா? பெரும்பாலும் அது டிக்கியின் இடத்தையே பங்கு கேட்கிறது. ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் வடிவத்தில் டிக்கி 506 லிட்டர். ஹைபிரிட் வடிவத்தில் 306 லிட்டர். கிராண்ட் விட்டாராவில் மென் ஹைபிரிட்டுக்கு 373 லிட்டர். முழு ஹைபிரிட்டுக்கு 265 லிட்டர். குழந்தையின் தள்ளுவண்டியும், ஆச்சியின் மடக்கு நாற்காலியும், ஊருக்குப் போகும் பைகளும் அந்த 265 லிட்டரில் அடங்குமா என்று கொண்டுபோய் வைத்தே பார்க்க வேண்டும். சிஎன்ஜி வண்டியிலும் இதே தொல்லை உண்டு. சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். 2023இல் டாட்டா நிறுவனம் இரண்டு சிறு சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் அமைத்து அத்தொல்லையைக் குறைத்தது.

கீழே நிறுத்தும் இடமும் அவ்வாறே. மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் கார் நிறுத்துவதை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஹேட்ச்பேக் நிற்கும் இடத்தில் 4.3 மீட்டர் வண்டி நிற்குமா? நின்றாலும் கதவை முழுதும் திறக்க இயலுமா? கதவு பாதியே திறந்தால் ஆச்சி எப்படி இறங்குவார்? அச்சிட்ட அகலத்தில் பக்கக் கண்ணாடிகளைச் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. மின்சாரக் காரைப் பற்றி எண்ணும் அன்பர்களுக்கும் முதற் கேள்வி இதுதான்: நிறுத்தும் இடத்தில் சார்ஜ் ஏற்றும் இணைப்பு வைக்கச் சொசைட்டி இசையுமா? இசைந்தால் அது நல்ல வழி.

மழையை மறக்கலாமா? காந்தி மார்க்கெட்டில் முழங்கால் நீர் நின்றதைக் காணாதவர் நம்மில் இல்லை. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த மழையில் நம்மவர் எத்தனை பேர் வண்டியைக் கைவிட்டு நடந்து வந்தனர்! நீரில் நின்றுபோன எந்தக் காரையும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டா. எஞ்சினுக்குள் நீர் புகுந்து உடைந்துபோகும். அந்நட்டத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சிறு தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹைபிரிட் வண்டியானால், ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் உண்டு. அவற்றைத் தெருவோர மெக்கானிக் தொடுதல் கூடாது. மேலும், அதிலும் ஒரு சாதாரண 12 வோல்ட் பாட்டரி உண்டு. இரண்டு மாதம் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் அது வடிந்து வண்டி கிளம்பாமற் போகலாம்.

இறுதியாக வரியைப் பற்றி ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசி எஞ்சினுக்கும் உட்பட்ட பெட்ரோல் சிறு கார்களுக்கு ஜிஎஸ்டி வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட பெரிய வண்டிகளுக்கு, ஹைபிரிட்டாயினும், 40 விழுக்காடு. மின்சார வண்டிக்கு 5 விழுக்காடு. ஆகவே சிறிய ஹேட்ச்பேக்குக்கும் பெரிய ஹைபிரிட்டுக்கும் இடையே உள்ள விலை வேற்றுமையில் பாட்டரியின் விலை மட்டுமல்ல, வரியின் வேற்றுமையும் அடங்கியிருக்கிறது.

இம்மூன்று கணக்குகளையும் எழுதிய தாளை நண்பர் தம் மனைவியிடம் கொடுத்தார். அவர் நெடுநேரம் படித்தார். பிறகு ஆச்சியை நோக்கி, “அம்மா, வண்டி சின்னதாவே வாங்குறோம். முட்டு ஆபரேஷன் தள்ளிப்போடக் கூடாது” என்றார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைக்குள் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் சர்க்கரை இருமடங்கு விழுந்திருந்தது.

அக்கூரை உயர்ந்த பெட்ரோல் ஹேட்ச்பேக்கே வாங்கப்பட்டது. ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து தொட்டில் இருக்கையிலேயே வீடு வந்து சேர்ந்தான். குழந்தைக்கு ஐந்து மாதமானபின் ஆச்சிக்கு ஒரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. மற்றொன்று அடுத்த ஆண்டு. வண்டி குறையற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். ஐவரும் சேர்ந்து போகும் நாளில் நடுவில் இருப்பவர் நெருக்கத்தால் அலுத்துக்கொள்கிறார். நெரிசலில் பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் நண்பர் ஹைபிரிட்டை நினைத்து ஒரு பெருமூச்சு விடுகிறார். ஆனால் சென்ற வாரம் மாட்டுங்காக் காய்கறிக் கடைத்தெருவில் ஆச்சியைக் கண்டோம். கையில் கீரைக்கட்டோடு, யார் துணையுமின்றி நடந்து வந்துகொண்டிருந்தார். “வண்டி எங்கே, ஆச்சி?” என்று கேட்டோம். “அது கீழே நிக்கி. நமக்கு எதுக்கு?” என்றார்.

கார் வாங்க எண்ணும் அன்பர்கள், விற்பனை நிலையத்துக்குப் போகுமுன் தங்கள் ஆண்டு ஓட்டத்தைச் சர்வீஸ் சீட்டில் பார்த்து எழுதிக்கொள்க. போகும்போது, வீட்டில் ஏறி இறங்க மிகவும் சிரமப்படுபவரையும், நடு இருக்கையில் அமரப்போகிறவரையும் உடன் அழைத்துச் செல்க. அத்தொகை வேறு எதற்காகச் சேர்த்தது என்பதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க. ஹைபிரிட் வாங்கி ஓராண்டுக்கு மேல் ஓட்டிய அன்பர்கள், தங்கள் உண்மைக் கணக்கை நமக்கு எழுதியனுப்பினால், அதனை வரும் இதழொன்றில் எல்லாருக்கும் பயன்படுமாறு வெளியிடுவோம்.